ஹைட்ரஜன் யந்திரமும் எரிபொருள் செலுத்தும் முறையும்

ஹைட்ரஜன் வாயு எரியுங்கால் கரிப்புகை தோன்றுவதில்லை, நீராவியே தோன்றுகின்றது. இதனால் யந்திரத்தை இயக்கலாமென்று வில்லியம் ஸெஸில் என்னும் குருவானவர் 1820-ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் நகரத்து அறிஞர் கழகத்தில் விளக்கினார். எனினும் இது பெட்ரோல் யந்திரத்தைப் போற் பரவவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு 4 முதல் 75 பங்குவரை கலந்திருப்பினும் தீப்பற்றும். பெட்ரோலுக்கு வேண்டிய பொறியின் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு சக்தியே அதற்குப் போதும். ஆகவே, அதனைக் காற்றோடு கலந்து உட்புகுத்தினால், சிலிண்டரின் சூடேறிய பாகத்திற் பட்டு, காலத்திற்கு முன்னரே எரிந்து, தீ பின்னோக்கிக் குழாயிற் பாய்தல் கூடும். அன்றியும், அது நூற்றுக்கு 30 பங்களவு இடத்தை அடைத்துக்கொள்வதாற் காற்றுக் குறைந்து, யந்திரத்தின் வலிமையுங் குன்றும்.

இவ்விரு குறைகளுக்கும் மருந்து ஒன்றே. முதலிற் காற்றை மட்டும் உட்கொண்டு, வால்வு மூடியபின், ஹைட்ரஜனை அழுத்தத்துடன் சிலிண்டருக்குள் நேரே செலுத்தவேண்டும். ஜெர்மானியரான ருடால்ப் எர்ரன் 1930-களில் இம்முறையைக் கையாண்டார். ஆயினும், நிமிஷத்திற்கு 3,000 முறை சுழலும் யந்திரத்தில், இவ்வாயு காற்றோடு கலத்தற்கு ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்குகூடக் கிடைப்பதில்லை. செவ்வையாய்க் கலவாவிடில், வாயு செறிந்த இடங்களில் வெப்பம் மிகுந்து, காற்றிலுள்ள நைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி நச்சு வாயுவாகின்றது.

ஆதலின், நாம் விரும்பும் தூய யந்திரம் எரிபொருளின் சிறப்பினால் மட்டும் அமைவதன்று. அதனை உரிய தருணத்தில், உரிய அளவிற் செலுத்தும் திறத்தினாலும் அமைவதாகும்.