பயிர்காவலுக்கு முதன்முறையாகத் துவக்கு வாங்குவோர் அறியவேண்டியவை

நெல்லிற் பால் பிடிக்குங் காலத்திலும், சோளக் கதிர் முற்றுங் காலத்திலும், நிலக்கடலையும் மரவள்ளியும் கிழங்கு பருக்குங் காலத்திலும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. ஓர் இரவில் அவை தின்பது சிறிது. உழக்கிச் சாய்ப்பதும் கிண்டிப் புரட்டுவதுமே பெரிது. காடோரத்துக் கமக்காரர் பலர் இந்நட்டத்தை ஓரிரு போகம் பொறுத்த பின்னர், துவக்கு ஒன்று கையிலிருந்தாற் போதும் என்னும் முடிவுக்கு வருகின்றனர். முற்காலத்திற் கிராமத்துக்கு நாலைந்து துவக்குகள் இருந்தன. தகப்பன் பிடித்த துவக்கை மகன் பார்த்துப் பழகினான். வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நிலவிய போர்க்காலத்தில் அவ்வழக்கம் பெரும்பாலான ஊர்களில் அற்றுப்போயிற்று. ஆகவே இன்று அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் பலர், துவக்கை ஒருமுறையேனும் மடித்துப் பார்த்தவரல்லர். இப்பிரசுரம் அவர்களுக்கே முதலில் உரியது.

துவக்கு வாங்குமுன் ஒரு கணக்குப் பார்த்தல் நன்று. துவக்கினாற் கொல்லப்படுவது ஒரு பன்றி. நல்ல வேலியினால் தடுக்கப்படுவது முழுக் கூட்டம். வயலையொட்டிய பற்றையை வெட்டி வெளியாக்குதல், வேலியின் அடிப்பாகத்தை நிலத்தோடு நெருக்கிக் கட்டுதல், அடுத்தடுத்த காணிக்காரர் முறைவைத்துப் பரணிற் காவல் இருத்தல் ஆகிய மூன்றும் செய்யப்படாத வயலுக்குத் துவக்கு பயன் தருவது அரிது. இவற்றைச் செய்த பின்னரும் அழிவு தொடருமாயின், அப்பொழுது துவக்கைப்பற்றி எண்ணலாம்.

துவக்கு வைத்திருத்தல் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்துக்கு அமைந்தது. விண்ணப்பம் கச்சேரியிற் கொடுக்கப்படும். பயிர்ச்செய்கைக் காணியைப்பற்றியும் விண்ணப்பகாரரின் நடத்தையைப்பற்றியும் விசாரணை நடைபெறும். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டியது. அது துவக்குக்கு மட்டும் உரியதன்று, ஆளுக்கும் உரியது. மைத்துனர் ஓர் இரவுக்குக் கேட்டாரென்று துவக்கை ஈந்துவிடுவோர், தமக்கும் அவருக்கும் ஒருங்கே குற்றம் தேடிக்கொள்கின்றனர். ஊரில் உறவு முறிந்தாலும் முறியட்டும்; துவக்கை இரவல் கொடுத்தலாகாது.

துவக்கைத் தெரிதல்

பயிர்காவலுக்கு ஏற்றது சன்னம் இடும் வேட்டைத் துவக்கேயாகும். றைபிளின் குண்டு ஓரிரு கிலோமீற்றருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். வயலும் குடிமனையும் கலந்த நாட்டில் அது வேண்டப்படுவதன்று.

துவக்குகளை 12 போர், 16 போர், 20 போர் என வழங்குவர். ஓர் இறாத்தல், அதாவது ஏறக்குறைய 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அது 12 போராகும். எண் கூடக் குழல் ஒடுங்கும் என்பது இதனால் விளங்கும். 12 போர்க் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். தோட்டா எளிதிற் கிடைப்பதும், பழுது பார்ப்போர் நன்கு அறிந்ததும் அதுவே. முதற் துவக்கு ஒற்றைக் குழல் உள்ளதாக இருத்தல் நன்று. இரட்டைக் குழல் துவக்கு விலை கூடியது, பாரமானது. அன்றியும் ஒரு குழல் வெடித்த பின்னர் மற்றையதில் தோட்டா இருப்பதைப் பழகாதவர் மறந்துவிடுவர். ஒரே வெடிதான் உண்டு என்று அறிந்தவர் அதை வீணாக்கார்.

பழைய துவக்கு வாங்குவோர், கடையிலோ உடையவரின் வீட்டிலோ, பகல் வெளிச்சத்தில் அதை மடித்து, தோட்டா இல்லையென்று கண்டுகொண்டு, குழலினூடாக வானத்தைப் பார்க்கவேண்டும். உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கவேண்டும். துருத்தின்ற குழிகளும், வெளியிலிருந்து அடிபட்ட நெளிவுகளும் குழலின் பலத்தைக் குறைப்பன. பின்னர் துவக்கைப் பூட்டி, பிடிக்கட்டையை ஒரு கையாலும் குழலை மறு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தல் வேண்டும். பூட்டில் ஆட்டம் இருப்பின் விலை எவ்வளவு மலிவாயினும் அதை விட்டுவிடவேண்டும். குதிரையை அரைநிலையில் நிறுத்தி விசையை அழுத்தினால் அது விழலாகாது. விழுமாயின், வேலி கடக்கும்போது ஒரு கிளை தட்டினாலே போதும்.

குழலின் வெளிப்புறத்தில் மரத்தின் வைரக்கோடுகள் போன்ற அலைகள் காணப்படும் துவக்குகள் சில பழைய குடும்பங்களில் இன்னும் உள. இவை இரும்பும் உருக்கும் முறுக்கி இணைத்துச் செய்யப்பட்டவை, கருமருந்துக் காலத்தவை. இக்காலப் புகையில்லா மருந்துத் தோட்டாவை இவற்றில் இட்டுச் சுடலாகாது. பாட்டனாரின் துவக்கு என்ற மதிப்போடு அவற்றை வைத்துப் பார்க்கலாம், பயிர்காவலுக்கு உதவா. உள்ளூரிற் குழாய் கொண்டு செய்யப்படும் இடியன் துவக்குகளோ, சட்டத்துக்கு மாறானவை என்பது ஒருபுறமிருக்க, சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிப்பதில் பெயர் பெற்றவை.

பிடிக்கட்டையின் நீளம் ஆளுக்கேற்றதாக வேண்டும். முழங்கையை மடித்து, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், சுட்டுவிரலின் முதற் கணு விசையைத் தொடவேண்டும். இது துல்லியமான அளவன்று. ஆயினும் மிக நீண்ட துவக்கையும் மிகக் குறுகிய துவக்கையும் ஒதுக்க உதவும்.

தோட்டா

குழலின் அடியில் தோட்டா தங்கும் அறை எல்லாத் துவக்குகளிலும் ஒரே நீளமானதன்று. 65 மில்லிமீற்றர் அறையுள்ள பழைய துவக்கில் 70 மில்லிமீற்றர்த் தோட்டாவும் இடையூறின்றி உட்புகும்; இதுவே ஆபத்து. தோட்டாவின் நீளம், அது வெடித்து வாய் விரிந்த பின்னர் உள்ள நீளமேயாதலால், விரியும் வாய்க்கு இடமின்றி அழுக்கம் மிகும். அறையின் நீளம் குழலின் அடிப்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். விளங்காவிடின் துவக்குத் தொழிலாளியைக் கொண்டு அளப்பிக்கவேண்டும்.

இதனினும் கொடியது வேறொன்று உண்டு. 20 போர்த் தோட்டா 12 போர்த் துவக்கின் அறையில் நில்லாது வழுக்கிக் குழலுள் இறங்கி, முன்னே சிக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அறை வெறுமையாகத் தோன்றும். இருட்டில், தோட்டா போட மறந்தோம் போலும் என்று எண்ணி, பின்னால் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் இடது கைக்கு நேரே வெடிக்கும். இருவகைத் தோட்டாவும் ஒரே பையில், ஒரே வீட்டில் இருத்தலாகாது.

சன்னத்தின் பருமன் காரியத்துக்கு ஏற்ப வேறுபடும். 4ஆம் இலக்கச் சன்னம் அவுன்சுக்கு 170 வரை. ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் அளவினது. எஸ்.ஜீ. என்பது அவுன்சுக்கு 8. ஒவ்வொன்றும் 8 மில்லிமீற்றருக்குச் சிறிது மேல். வழக்கமான 12 போர்த் தோட்டாவில் எஸ்.ஜீ. 9 அளவில் அடங்கும். பன்றிக்கு வேண்டியது எஸ்.ஜீ. அல்லது எல்.ஜீ.; சிறு சன்னம் பன்றியின் தோலைப் புண்ணாக்குமேயன்றிக் கொல்லாது. பெருஞ் சன்னமும் 30 மீற்றருக்கு அப்பாற் பரந்துபோய், ஒன்றிரண்டே பட்டு, பன்றி காயத்தோடு காட்டுக்குள் ஓடும். எனினும் அது பறக்கும் தூரம் 30 மீற்றரோடு முடிவதில்லை. 4ஆம் இலக்கச் சன்னம் 200 மீற்றருக்கு மேலும், எஸ்.ஜீ. 600 மீற்றருக்கு மேலும் செல்லவல்லது. கொல்லும் என்று நம்பத்தக்க தூரம் சிறிது; ஆளைத் தாக்கத்தக்க தூரம் அதனிலும் இருபது மடங்கு. வயலில் நிற்கும் ஒவ்வொருவரும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும்.

பழகுதல்

முதல் இரு வாரம் தோட்டா இன்றியே பழகவேண்டும். துவக்கை எடுத்தவுடன் மடித்துப் பார்த்தல், குழல்வாயை ஆளில்லாத் திசையில் வைத்தல், சுடும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்தல் என்பன எண்ணாமலே கை செய்யும் வழக்கமாதல் வேண்டும். பிறரிடமிருந்து வாங்கும்போதும், அவர் இப்பொழுதுதான் மடித்துக் காட்டினாராயினும், வாங்கியவர் மறுபடியும் பார்க்கவேண்டும். இதைக் குறைவாகக் கருதும் வேட்டைக்காரருடன் சேராதிருத்தல் நலம்.

கட்டையைத் தோளின் குழிவிற் பொருத்தி, கன்னத்தை அதன்மீது அழுத்திப் பிடித்தாற் பின்னுதைப்பு வருத்தாது. தளர்த்திப் பிடித்தவருக்கே தோள் கன்றும். தோட்டாவுடன் முதன்முறை சுடுவது பகலில், அநுபவமுள்ள அனுமதிப்பத்திரகாரர் ஒருவர் அருகில் நிற்க, பொலிசாருக்கு அறிவித்து அவர்கள் இசைந்த இடத்தில், உயர்ந்த மண்மேட்டைப் பின்னாகக் கொண்டு நடைபெறவேண்டும். ஒரு பெரிய தாளை 36 மீற்றர் தூரத்தில் நாட்டி, 4ஆம் இலக்கத் தோட்டாவாற் சுட்டு, சன்னம் மிகுதியாகப் பட்ட இடத்தைச் சுற்றி 75 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் வரைந்து எண்ணிப் பார்க்கலாம். வாய் ஒடுக்கமில்லாக் குழலானால் நூற்றுக்கு 40 சன்னமும், முழு ஒடுக்கமுள்ளதானால் 70 சன்னமும் வட்டத்துள் விழும். பின்னர் எஸ்.ஜீ. தோட்டாவை 20, 30, 40 மீற்றர்களில் வெவ்வேறு தாள்களிற் சுட்டால், எத்தூரத்துக்கு அப்பால் தமது துவக்கை நம்பலாகாது என்பதைக் கமக்காரர் தம் கண்ணாலேயே காண்பர். நாலைந்து தோட்டாவின் விலை இதற்குச் செலவாவது நட்டமன்று.

விசையை அழுத்தியும் வெடியாவிடின், குழலைத் தாழ்த்தாது, மடிக்காது, பாதுகாப்பான திசையில் அரை நிமிடமேனும் பிடித்திருக்கவேண்டும். மருந்து சில வேளை பிந்திப் பற்றும். வெடியின் ஓசை வழக்கத்திலும் மெலிந்து கேட்டால், அடுத்த தோட்டா இடுமுன் குழலினூடாகப் பார்க்கவேண்டும். தக்கை உள்ளே தங்கியிருக்கலாம். வரம்பில் வழுக்கி விழுந்தபோது குழல்வாயிற் சேறு புகுந்திருந்தாலும் இவ்வாறே. விரற்கடை அளவு சேறு ஒரு குழலைப் பிளக்கப் போதும்.

பரணில்

பயிர்காவலில் நேரும் விபத்துகளுக்கு இருளே பெரிதுங் காரணம். பரணில் இருப்பவர் எதிர்பார்ப்பது பன்றியை. ஆகவே காதில் விழும் சலசலப்பெல்லாம் பன்றியாகவே கேட்கும். அடுத்த வயற்காரர் தண்ணீர் திருப்ப வந்திருக்கலாம். மாடு தேடிச் சிறுவன் ஒருவன் வந்திருக்கலாம். மனைவியே தேநீர் கொண்டு வந்திருக்கலாம். ஓசைக்குச் சுடுதல், அசைவுக்குச் சுடுதல், ரோச் வெளிச்சத்தில் மினுங்கும் இரு கண்களுக்குச் சுடுதல் ஆகிய மூன்றும் ஒரே குற்றத்தின் மூன்று வடிவங்கள். விலங்கின் உடல் முழுவதும் தெரியவேண்டும். அதன் பின்னால் நிலம் தெரியவேண்டும். பரண் உயரமாக இருப்பதன் பெரும் பயன் இதுவே: கீழ்நோக்கிச் சுடும்போது தவறிய சன்னம் மண்ணிற் புதையும். வரம்பின்மேல் நிற்கும் பன்றியை நிலமட்டத்திலிருந்து சுட்டால், தவறியது அடுத்த பரணுக்குச் செல்லும்.

மாலையில் ஒளி இருக்கும்போதே அயற் பரண்கள் எத்திசையில் உள்ளன, அன்றிரவு யார் யார் காவல் என்பவற்றைக் கேட்டறிந்து, சுடக்கூடாத திசைகளுக்கு நேரே பரணில் ஒரு தடியைக் கட்டிவைப்பது நல்ல முறை. கை தடியிற் பட்டாற் குழல் அதற்கப்பால் திரும்பாது. வயலுக்கு வருபவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்து வருதல் எல்லாருக்கும் பொதுவான ஒழுங்காகவேண்டும். பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் துவக்கில் தோட்டா இருத்தலாகாது. கள்ளோ சாராயமோ அருந்தியவர் அன்றிரவு தகரம் தட்டிக் காவல் செய்யலாம், துவக்கைத் தொடலாகாது.

காயப்பட்ட பன்றியை இரவிற் பின்தொடர்தல் கூடாது. விடிந்த பின்னர் இருவராகச் செல்லவேண்டும். முன்னே செல்பவர் துவக்கு உடையவராக இருக்கவேண்டும்.

யானைக்கு இத்துவக்கு ஒருபோதும் மருந்தன்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கின்றது என்பது ஒன்று; சன்னம் பட்டுப் புண் சீழ்பிடித்த யானை மனிதவாடைக்கே சீறும் என்பது மற்றொன்று. சுட்டவர் அன்றிரவு தப்பலாம். மறுநாள் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை தப்புமோ என்பது ஐயம். யானை இறங்கும் இடங்களில் வனசீவராசிகள் அலுவலரிடம் யானைவெடி கேட்டுப் பெறவேண்டும். மான், மரை முதலியனவும் காக்கப்பட்டவையே. எவ்வெவ் விலங்கைப் பயிர்காவலுக்காகச் சுடலாம் என்பதை அதே அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. செவிவழிச் செய்தியை நம்பலாகாது.

கட்டுத்துவக்கைப்பற்றி ஒரு சொல். கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் இப்பொறியை எந்த அனுமதிப்பத்திரமும் அனுமதிப்பதில்லை. காவல் இருக்கும் களைப்பினின்றும் தப்பவே இதை வைக்கின்றனர். இதற்கோ கண் இல்லை; விறகு பொறுக்க வந்தவரின் முழங்கால் எது, பன்றியின் விலா எது என்று அது அறியாது. வைத்தவரே இடம் மறந்து காலை இழந்ததும் உண்டு.

வீட்டில்

துவக்கு வீட்டுக்கு வந்தவுடன் தோட்டா இல்லையென்று மீண்டும் பார்த்து, குழலையும் கட்டையையும் கழற்றிப் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். தோட்டா வேறோரிடத்தில், வேறு பூட்டில், ஈரமில்லாத தகரப் பேணியில் இருக்கவேண்டும். மாரிக்காலத்திற் கடதாசிக் கூடுள்ள தோட்டா ஈரம் ஊறிப் பருத்துவிடும். அறையுட் புகாத தோட்டாவைத் தட்டி ஏற்ற முயலலாகாது. சுட்ட அன்றே குழலைத் துணிசுற்றிய கோலினால் துடைத்து, துவக்கெண்ணெய் மெல்லியதாகப் பூசவேண்டும். தேங்காயெண்ணெய் பிசுக்குப் பிடித்து விசையை இறுக்கும். கடலோர ஊர்களில் வாரத்துக்கொருமுறையேனும் துடைத்தல் அவசியம்.

திறப்பு இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியலாகாது. குடும்பத்திற் சண்டையோ, கடன் நெருக்கமோ, ஒருவருக்கு மனச்சோர்வோ உண்டாயின், அக்காலம் கடக்கும் வரை துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து வைப்பதில் வெட்கமில்லை. அனுமதிப்பத்திரகாரர் இறந்துவிட்டால், பிள்ளைகள் துவக்கை வீட்டில் வைத்துக்கொண்டு தங்கள் பெயருக்கு மாற்றக் காத்திராது, முதலிற் பொலிஸ் நிலையத்திற் கையளித்துப் பற்றுச்சீட்டுப் பெற்று, பின்னர் கச்சேரிக்கு விண்ணப்பிக்கவேண்டும்.