மழைக் குளிரில் ஆட்டுக்குட்டி

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் சினை ஆடு பிடித்து வந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சோதனை. நல்ல குட்டியின் உடல் சூடு சுமார் 102 டிகிரி பாரன்ஹீட். ஈரத்தில் விழும் குட்டிக்கு இது விரைவில் இறங்கிவிடும். விறைத்துக் கிடக்கும் குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டுவோர் உண்டு. இது தவறு. அதனால் சரியாக விழுங்க முடியாது. பால் நுரையீரலில் இறங்கினால் பிழைப்பது அரிது.

முதலில் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் ஈரம் போகத் துடைத்து, சாக்கில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைக்கவும். சூடேறித் தலை தூக்கிய பின்பே சீம்பால். திடமாகப் பிறந்த குட்டிக்கோ 1 மணி நேரத்துக்குள் சீம்பால் அவசியம்.

கொட்டகையில் காய்ந்த வைக்கோல் பரப்பி, சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா கட்டினால் போதும். முழுவதும் அடைத்தால் மூத்திர நெடி தங்கிச் சளி பிடிக்கும்.