ஹஜ் பயணியின் கைப்பணம்

வலங்கைமான் விவசாயி ஒருவர், நெல் விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளுடன் புனித ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்று கொள்வோம். அங்கே சென்றதும் அவருடைய ரூபாய் ரியாலாக மாற வேண்டும்.

இது புதிய கவலை அன்று. முன்பு சவூதி அரேபியாவில் வெள்ளி ரியால்களே புழங்கின. அச்சுமையைப் பயணிகள் தூக்கித் திரியாதிருக்க, அந்நாட்டு நாணய ஆணையம் 1953-இல் ஹாஜிகளுக்கென 10 ரியால் ரசீதுகளை வெளியிட்டது. நாளடைவில் மக்கள் அவற்றையே பணமாக வழங்கலாயினர். 1959-இல் நம் ரிசர்வ் வங்கியும் ஹஜ் பயணிகளுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய்த் தாள்களைத் தனியே அச்சிட்டது. அவை இந்நாட்டில் செல்லா.

தாள்கள் மாறின, மார்க்க விதி மாறவில்லை. பொன்னுக்கு வெள்ளி மாற்றுவோர் விலையை விரும்பியவாறு பேசலாம். ஆயினும் கைக்குக் கை கொடுத்து வாங்க வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காகிதப் பணத்துக்கும் பொன் வெள்ளியின் சட்டமே பொருந்தும் என 1986-இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

ஆகவே, “ரூபாயை இப்போது தாருங்கள், ரியாலை மாலையில் தருகிறேன்” என்பவர் நம்மூராரே ஆயினும் அவரிடம் மாற்றலாகாது.

உடன்வந்தவரிடம் ரியால் கடன் பெற்றால் தொகையை எழுதி வைப்பீர்! கடன் ரியாலாகவே நிற்கும். ஊர் திரும்பி ரூபாயாகச் செலுத்த இருவரும் இசைந்தால், செலுத்தும் நாளின் விலையே கணக்கு. வாங்கிய நாளின் விலையைப் பிடித்துக்கொண்டு வாதிட்டால் நட்பும் கெடும். அடியார் உரிமையும் கழுத்தில் நிற்கும்.

கஅபாவை வலம்வரும் நேரத்தில் கணக்கு நெஞ்சை உறுத்தாதிருக்க வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.