இடிக்கலாமா... இப்படியே இருக்கலாமா? மயிலாப்பூர், தி.நகர் அப்பார்ட்மென்ட்களில் சூடுபிடிக்கும் விவாதம்!

சென்னை மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நடை போய் வந்தால், இந்தக் காட்சி கண்ணில் படும். பழைய அப்பார்ட்மென்ட்டின் கார் நிறுத்தும் இடத்தில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். அசோசியேஷன் கூட்டம். முன்பெல்லாம் தண்ணீர் மோட்டார், வாட்ச்மேன் சம்பளம், மொட்டைமாடி ஒழுகல் என்று பேச்சு ஓடும். இப்போது ஒரே கேள்விதான். ‘இடிச்சுக் கட்டலாமா?’

மூன்றாவது மாடிக்காரர் உடனே சரி என்பார். அவருக்கு மூட்டுவலி, கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீடியோ காலில் வந்து, ‘இதைவிட நல்ல ஆஃபர் வராதுப்பா’ என்பார். தரைத்தளத்தில் இருக்கும் வயதான தம்பதி மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோயிலும் மருந்துக்கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இந்த வயதில் சாமான்களைக் கட்டிக்கொண்டு எங்கே போவது?

நகரின் நடுப்பகுதியில் வேகமாக உயரும் கட்டடங்களைப் பற்றிய விவாதம், சட்டசபையில் தொடங்குவதற்கு முன் இப்படி வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

உயரம் நமக்குப் புதுசா?

சென்னைக்கு உயரம் புதிதல்ல. அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டடம் 1959-லேயே திறக்கப்பட்டது. 177 அடி உயரம். அன்றைக்கு நாட்டிலேயே உயரமான கட்டடம் என்று பேசப்பட்டது. ஊரிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால், மற்ற தெருக்கள் தாழ்வாகவே இருந்தன. முதலில் திண்ணை வைத்த வீடுகளும் தோட்டத்து பங்களாக்களும். 1970-களிலும் 80-களிலும் அவற்றில் பல இடிக்கப்பட்டு, மூன்று மாடி ஃபிளாட்கள் வந்தன. அப்போதும், ‘மாமரம் போச்சு, கிணறு போச்சு’ என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. இன்று ‘பழைய மயிலாப்பூர்’ என்று நாம் ஏங்கும் அந்த ஃபிளாட்களுக்குத்தான் இப்போது இடிக்கும் முறை வந்திருக்கிறது.

ஏன் எல்லாமே இப்போது நடக்கிறது?

முதல் காரணம், கட்டடங்களின் வயது. 40 வருடங்களுக்கு முன் போட்ட கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து, சீலிங் பெயர்ந்து விழ ஆரம்பித்துவிட்டது. நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்தில் இருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது 2002-ல்தான். அதற்கு முன் கட்டியவை அந்தக் கணக்கில் கட்டப்பட்டவை அல்ல.

இரண்டாவது, விதிகள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற அளவை உயர்த்தின. சாதாரணக் கட்டடங்களுக்கு, மனையின் பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த அனுமதி 2 மடங்கானது. 18.30 மீட்டருக்கு, அதாவது சுமார் 60 அடிக்கு மேல் போனால் அது ‘உயரமான கட்டடம்’. அகலமான சாலை, போதுமான காலியிடம் எல்லாம் இருந்தால் அதற்கு 3.25 மடங்கு. கூடுதல் கட்டணம் செலுத்தினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

மூன்றாவது, சட்டம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஒரே ஒரு உரிமையாளர் மறுத்தால்கூட வேலை நின்றுவிடும். இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

நான்காவது, மெட்ரோ. சுமார் 119 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்டப் பாதையில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. அதில் ஒன்று பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லி பக்கம் போகிறது. ஸ்டேஷன் வரும் இடத்தில் மனையின் விலை சும்மா இருக்குமா?

ஒரு சின்னக் கணக்கு

பில்டர் ஒருவர், ‘நீங்க ஒரு பைசா தர வேண்டாம், புது வீடு தர்றோம்’ என்கிறாரே... எப்படி?

இரண்டு கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்வோம். 4,800 சதுர அடி. பழைய விதிப்படி ஒன்றரை மடங்கு என்றால் 7,200 சதுர அடி. 900 சதுர அடி வீதம் எட்டு வீடுகள். புதிய விதிப்படி 2 மடங்கு என்றால் 9,600 சதுர அடி. கூடுதலாகக் கிடைக்கும் 2,400 சதுர அடியும், கட்டணம் கட்டி வாங்கும் பரப்பும்தான் பில்டரின் பங்கு. அதை விற்றுக் கட்டுமானச் செலவை எடுத்து, லாபமும் பார்க்க வேண்டும்.

இதே மனைக்கு 3.25 மடங்கு கிடைத்தால் 15,600 சதுர அடி. அதனால்தான் பெரிய சாலை ஓரத்தில், பக்கத்துப் பக்கத்து மனைகளைச் சேர்த்து டவர் கட்டுவதில் இவ்வளவு ஆர்வம். குறுகலான தெருவில் அது நடக்காது.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. எட்டு வீடுகள் இருந்தபோது, ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு 600 சதுர அடி. அதே மனையில் 12 வீடுகள் வந்தால், அது 400 ஆகிவிடும். வீடு புதிதாகிறது, நிலம் குறைகிறது. இன்னும் 40 வருடம் கழித்து அந்தக் கட்டடமும் பழசாகும்போது, பேரம் பேசப் பேரப்பிள்ளைகளின் கையில் இருப்பது இந்தச் சின்னப் பங்குதான்.

மீதி ஒரு பங்கு என்ன செய்யும்?

12 வீடுகளில் எட்டு பேர் சரி என்றால் போதும். இதை வரவேற்கிறவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவர் பிடிவாதத்தால் 11 குடும்பங்கள் இடிந்து விழும் கூரையின் கீழ் இருக்க வேண்டுமா? 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு இடிந்து விழுந்ததை யாரும் மறக்கவில்லை. விரிசலைப் பார்த்துக் குடும்பங்கள் முன்கூட்டியே வெளியேறியதால், உயிரிழப்பு இல்லாமல் போனது.

ஆனால், எதிர்ப்பவர் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் அல்ல. மறுகட்டுமானத்துக்கு இரண்டு, மூன்று வருடம் ஆகும். 40 வயதுக்காரருக்கு அது காத்திருப்பு. 78 வயதுக்காரருக்கு? திரும்பி வருவோமா என்பதே கேள்வி. இன்னொரு பயம், மாதச் செலவு. லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, செக்யூரிட்டி என்று எல்லாம் சேரும்போது பராமரிப்புத் தொகை பழையபடி இருக்காது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சிங்கப்பூரில், பழைய அடுக்குமாடிகளை மொத்தமாக விற்கும் முறை 1999-லேயே மாற்றப்பட்டது. கட்டடத்துக்கு 10 வயது ஆகியிருந்தால் 80 சதவிகிதம், அதற்குள் என்றால் 90 சதவிகிதம் சம்மதம் வேண்டும். மறுப்பவர்கள் தங்கள் குறையைச் சொல்லத் தனி வாரியம் இருக்கிறது. நம்முடைய மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 67 சதவிகிதம்தான்.

உயரட்டும் என்பவர்கள் சொல்வது...

‘மேலே கட்டாவிட்டால், பக்கவாட்டில்தானே கட்டுவார்கள்?’ - இதுதான் அவர்களின் முக்கியக் கேள்வி. பக்கவாட்டில் விரிந்ததன் விலையைச் சென்னை நன்றாகவே அறியும். ஏரிகளும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சுருங்கியது அப்படித்தான். பள்ளிக்கரணையில் மிஞ்சியதுதான் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வேலை, பள்ளி, மருத்துவமனை, மெட்ரோ எல்லாம் இருக்கும் இடத்தில் அதிகம் பேர் வசித்தால் தினமும் 30 கி.மீ. வண்டி ஓட்ட வேண்டாம். வீடுகள் அதிகமானால் நடுநகரில் வாடகை இந்த அளவுக்கு எகிறாது என்றும் சொல்கிறார்கள்.

தெரு தாங்குமா என்பவர்கள் சொல்வது...

2011 கணக்கெடுப்பிலேயே சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 26,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கட்டடம் ஆறு மாடியானாலும் தெரு அதே 20 அடிதான். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அதேதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே... எட்டு வீட்டுக்கே டேங்கர் லாரி வந்த தெருவில், 16 வீடு வந்தால் எத்தனை லாரி?

மழையும் ஒரு கேள்வி. இன்றைய தி.நகர், மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் உருவான பகுதி. தண்ணீருக்குத் தன் பழைய இடம் நினைவிருக்கிறது என்பதை 2015 வெள்ளம் காட்டியது. வாசலில் இருந்த மண் தரையும் மரமும் போய், சுற்றிலும் கான்கிரீட் ஆகும்போது, மழைநீர் இறங்க இடமேது? 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான். ஆனால், தொட்டி கட்டினால் மட்டும் போதாது. வருடா வருடம் தூர் வார வேண்டும்.

தீ பயமும் உண்டு. 2017 மே மாதம் தி.நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று பற்றி எரிந்தபோது, அணைக்க ஒரு நாளுக்கும் மேல் ஆனது. இருபுறமும் கார் நிற்கும் தெருவில் தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும்?

இடிக்காமல் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கவலை வேறு. அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வெயிலும் காற்றும் நின்றுவிடும். மொட்டைமாடியில் வடாம் காயவைத்தால் பத்து ஜன்னல் பார்க்கும்.

கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்கள்

அசோசியேஷன் கூட்டத்தில் உரிமையாளர்களுக்குத்தான் நாற்காலி. அங்கே 15 வருடமாக வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு அழைப்பு இல்லை. நோட்டீஸ் வந்தால் காலி செய்ய வேண்டியதுதான். பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தும், அதே பகுதியில் அதே வாடகைக்கு வீடு கிடைக்காது. மும்பையின் தெற்குப் பகுதியில் பழைய வாடகைக் கட்டடங்களை இடித்துக் கட்டும்போது, தகுதியுள்ள வாடகைதாரருக்கும் புதுக் கட்டடத்தில் வீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே அப்படி இல்லை.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், பூக்காரம்மா, நான்கு வீட்டில் வேலை பார்க்கும் அக்கா... இவர்கள் யாரும் கணக்கில் வருவதில்லை. நகரின் நடுவில் குடிசைகளில் இருந்தவர்களில் பலர் 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வேலை இங்கே, வீடு அங்கே. விடியற்காலை பஸ்ஸில் அவர்கள் வந்தால்தான் டவரில் இருப்பவர்களின் காலை தொடங்குகிறது.

கையெழுத்துப் போடும் முன்...

* கட்டடம் உண்மையிலேயே பலவீனமா? பில்டர் சொல்வதை மட்டும் நம்பாமல், தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் சான்று வாங்குங்கள். பழுதுபார்த்தாலே போதும் என்றும் அவர் சொல்லலாம்.
* புது வீட்டின் அளவு ‘கார்ப்பெட் ஏரியா’வில் எழுதப்பட்டிருக்கிறதா? பொது இடத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவில் ஏமாந்துவிட வேண்டாம்.
* பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு குறைகிறது?
* மாத வாடகை, இடமாற்றச் செலவு, கட்டுமானம் தாமதமானால் இழப்பீடு... எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அதற்கு வங்கி உத்தரவாதம் உண்டா?
* மனை 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால், விற்பனைக்கு முன் ரெரா பதிவு அவசியம். பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.
* பில்டர் பாதியில் விட்டால் என்ன வழி? அசல் பத்திரம் யாரிடம் இருக்கும்? பில்டரின் வக்கீலிடம் கேட்காமல், உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.
* வயதானவர்களுக்கு அதே தெருவில், தரைத்தளத்தில் தற்காலிக வீடு பார்த்துத் தருவதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

அடுத்தது என்ன?

2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தை சி.எம்.டி.ஏ. தயாரித்து வருகிறது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், அங்கே தண்ணீர் எங்கிருந்து வரும், மழைநீர் எங்கே போகும் என்பதையெல்லாம் ஒன்றாக வைத்து முடிவெடுக்க வேண்டிய இடம் அது. இப்போது நடப்பது, மனை மனையாக எடுக்கும் முடிவு. ஒவ்வொரு மனைக்கும் அது சரியாக இருக்கலாம். மொத்தத் தெருவுக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் தொடரும். உங்கள் அப்பார்ட்மென்ட்டிலும் ஒரு கூட்டம் நடந்தால், கை தூக்கச் சொல்வதற்கு முன், பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தரைத்தளத் தம்பதியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கூடுதல் சதுர அடியாக இருக்காது. திரும்பி வருவோம் என்ற உறுதியாகத்தான் இருக்கும்!