தபால் வாக்கு: கேட்டு வாங்குங்கள், நீங்களே போடுங்கள், சேர்ந்ததா என்று விசாரியுங்கள்

இங்கிலாந்தில் வேலை விசாவில் இருக்கும் செவிலியருக்கும் படிக்க வந்த மாணவருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள். இந்நாடுகளின் பாஸ்போர்ட்டுடன், செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசிக்கும் 18 வயது நிரம்பிய எவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ‘சிட்டிசன்ஷிப் வரட்டும், பிறகு பார்ப்போம்’ என்று வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். மாதாமாதம் கவுன்சில் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் முதியோர் பராமரிப்புக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மட்டும் காணாமல் போகிறோம்.

பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுக் குடியுரிமையோடு லண்டனுக்கு வந்த ஈழத்தமிழர்களுக்கு மட்டும் விதி வேறு. 2020 டிசம்பர் 31-க்குள் வந்து, சட்டப்படி தொடர்ந்து வசிப்பவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு 2024 மே முதல் இல்லை.

தேர்தல் வியாழக்கிழமை நடக்கும். அன்று விடுமுறை கிடையாது. மருத்துவமனையில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டில் இருப்பவருக்கும் கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கும் தபால் வாக்குதான் வழி. காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அரசின் இணையதளத்திலோ காகிதப் படிவத்திலோ விண்ணப்பிக்கலாம். பிறந்த தேதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் போட்ட கையெழுத்து ஆகியவை தேவை. தேர்தலுக்கு 11 வேலைநாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறைகளைக் கழித்தால், மே மாதத் தொடக்கத்தில் வரும் தேர்தலுக்கு ஏப்ரல் நடுவிலேயே கெடு முடிந்துவிடும். முன்பெல்லாம் ஒரு முறை வாங்கினால் காலவரையின்றித் தொடரும். 2023 அக்டோபர் 31 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். ‘நான்தான் ஏற்கெனவே வைத்திருக்கிறேனே’ என்று இருப்பவர்கள் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கவுன்சிலில் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்கு வரும் பொதியில் வாக்குச்சீட்டு, உறுதிமொழித் தாள், ‘ஏ’ உறை, ‘பி’ உறை ஆகியவை இருக்கும். சீட்டில் குறியிட்டு ‘ஏ’ உறையில் வைத்து ஒட்ட வேண்டும். உறுதிமொழித் தாளில் பிறந்த தேதியை எழுதிக் கையெழுத்திட்டு, ‘ஏ’ உறையோடு சேர்த்து ‘பி’ உறைக்குள் வைக்க வேண்டும். தபால்தலை வேண்டாம். பிறந்த தேதிக்கான கட்டத்தில் பலர் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள். அந்த ஓட்டு எண்ணிக்கைக்கே போகாது. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து போடும்போது உறுதிமொழித் தாள்கள் இடம் மாறினாலும் சிக்கல்தான். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்திட்டவர் இங்கும் தமிழிலேயே இட வேண்டும். பழையதோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இவ்வளவு கறார் ஏன் என்று கேட்பவர்கள் பர்மிங்ஹாமை நினைக்க வேண்டும். 2004 உள்ளாட்சித் தேர்தலில் ஆஸ்டன், போர்ட்ஸ்லி கிரீன் வார்டுகளில் தபால் வாக்குகளை மொத்தமாகக் கையாண்டு மோசடி செய்தார்கள். 2005-ல் தேர்தல் நீதிபதி ரிச்சர்ட் மாவ்ரி அந்த முடிவுகளைச் செல்லாதென்று தீர்ப்பளித்தார். அதன் பிறகே, 2006 சட்டத்தின் வழியாக, கையெழுத்தும் பிறந்த தேதியும் கட்டாயமாயின. அந்த மோசடியில் பலியானவை புலம்பெயர்ந்தோர் நெருங்கி வாழும் தெருக்களின் ஓட்டுகள். நம் தெருக்களும் அப்படிப்பட்டவைதான்.

ஆகவே யாராவது வாசலுக்கு வந்து, ‘ஒட்டிக் கொடுங்கள், நானே தபாலில் போட்டுவிடுகிறேன்’ என்றால் கொடுக்காதீர்கள். கட்சிப் பிரசாரகர் பிறருடைய தபால் வாக்கைக் கையாள்வது 2024 மே முதல் குற்றம். இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அவருடைய சொந்தக் குடும்பத்தினரின் ஓட்டுக்கும், அவர் முறையாகப் பராமரித்து வருபவரின் ஓட்டுக்கும் மட்டுமே விலக்கு. வந்தவர் ஊர்க்காரரா, கோயிலில் பார்த்த முகமா என்பதெல்லாம் பொருட்டல்ல.

நம் வீடுகளுக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பொதிகள் வரும். அப்பாவோ மூத்த மகனோ ஐந்திலும் குறியிட்டுவிட்டு, ‘இங்கே கையெழுத்துப் போடு’ என்று நீட்டுவார். அம்மாவும் மாமியாரும் மறுபேச்சின்றிப் போடுவார்கள். இது உதவி இல்லை, இன்னொருவரின் ஓட்டைப் பறிப்பது. வாக்குச்சாவடியில் இருக்கும் ரகசியக் காப்பை 2022 தேர்தல் சட்டம் தபால் வாக்குக்கும் நீட்டித்திருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வேட்பாளர் பெயரையும் கட்சியையும் படித்துக் காட்டுங்கள். பேனாவை அவர் கையிலேயே விடுங்கள்.

இனி திருப்பி அனுப்புவது. தேர்தலன்று இரவு 10 மணிக்குள் உறை தேர்தல் அதிகாரியின் கைக்குப் போயிருக்க வேண்டும். தபால் முத்திரையில் முந்தைய நாள் இருந்தாலும் பயனில்லை. ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். நேரமில்லாவிட்டால் தேர்தலன்று உங்கள் பகுதி வாக்குச்சாவடியில் நேரில் கொடுக்கலாம். உங்களுடையதோடு இன்னும் ஐந்து பேருடையதைக் கொண்டுபோக அனுமதி உண்டு, ஆனால் அங்கே தரும் படிவத்தை நிரப்ப வேண்டும். படிவமின்றி வைத்துவிட்டு வந்தாலோ கவுன்சிலின் தபால்பெட்டியில் போட்டாலோ அந்த ஓட்டு நிராகரிக்கப்படும்.

பொதியே வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். 2024 ஜூலை பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தில் பலருக்குச் சீட்டு நேரத்துக்கு வரவில்லை. எடின்பரோ கவுன்சில் அவசர மையம் திறந்து மாற்றுச் சீட்டு கொடுக்க வேண்டியதாயிற்று. தொலைந்தாலோ வராவிட்டாலோ அடையாளச் சான்றோடு கவுன்சில் தேர்தல் பிரிவுக்குப் போனால், தேர்தலன்று மாலை 5 மணி வரை மாற்றுச் சீட்டு பெறலாம். தேர்தல் நேரத்தில் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கப் போகிறீர்கள் என்றால், போய்த் திரும்பத் தபாலுக்கு அவகாசம் போதாது. நம்பிக்கையான ஒருவர் உங்களுக்குப் பதிலாக வாக்களிக்கும் ‘ப்ராக்ஸி’ முறைக்கு விண்ணப்பியுங்கள். அதற்குக் கெடு 6 வேலைநாட்களுக்கு முன்பு.

அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? பார்சலைப் போல அலைபேசியில் பார்த்துக்கொண்டே இருக்கும் வசதி இங்கில்லை. ஆனால் கேட்கும் உரிமை இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. எந்தெந்த வாக்காளரின் உறை வந்தது என்று அதிகாரி பட்டியலில் குறித்து வருவார். வாக்குப்பதிவு முடியும் வரை எப்போது வேண்டுமானாலும், உங்கள் பெயருக்கு நேரே அந்தக் குறி விழுந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று உறுதியானால் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்தோ பிறந்த தேதியோ பொருந்தாமல் ஓட்டு தள்ளப்பட்டிருந்தால், தேர்தல் முடிந்து மூன்று மாதங்களுக்குள் கடிதம் வரும். அதைக் குப்பையில் போடாமல், புதிய கையெழுத்தைக் கொடுத்து அடுத்த தேர்தலுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முறைகேட்டைக் கண்டால் கவுன்சில் தேர்தல் பிரிவிலும் காவல்துறையிலும் புகார் செய்யலாம். முடிவையே எதிர்க்க வேண்டுமானால் நான்கு வாக்காளர்கள் சேர்ந்து மனுப் போடலாம். பொதுவாக 21 நாள் கெடு. லண்டன் டவர் ஹாம்லெட்ஸின் 2014 மேயர் தேர்தல் 2015-ல் ரத்தானது அப்படி நான்கு பேர் போட்ட மனுவால்தான். செலவும் அலைச்சலும் மிகுந்த வழி அது. அவ்வளவு தூரம் போகாமலிருக்க, உங்கள் கவுன்சில் தேர்தல் பிரிவின் தொலைபேசி எண்ணை இன்றே குறித்துவைத்துக்கொண்டு, வீட்டில் யார் யாருக்குத் தபால் வாக்கு நடப்பில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.