அமேசான் எழுப்பிய தெருக்களும் சியாட்டில் மக்களின் கேள்விகளும்

ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்கென ஒற்றைக் கட்டடம் எழுப்பினால், அது அழகாக அமைந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த விஷயமாக முடிந்துவிடும். அதே நிறுவனம் நகரத்தின் நடுவே தெருத் தெருவாகக் கட்டடங்களை நிரப்பும்போது, அங்கே நடப்பவர், பேருந்துக்கு நிற்பவர், பக்கத்தில் கடை வைத்திருப்பவர் என எல்லோரும் அதன் வடிவமைப்பைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றுவிடுகிறார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில், சவுத் லேக் யூனியன் என்ற ஏரிக்கரைப் பகுதியையும் அதற்குத் தெற்கே உள்ள டென்னி முக்கோணப் பகுதியையும் முன்னிட்டு நீண்ட காலமாக நடந்துவரும் விவாதம் இந்த உரிமையைப் பற்றியதுதான். 2017இல் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடி அமேசான் வெளியிட்ட அறிக்கையில், சியாட்டிலில் மட்டும் தனக்கு 33 கட்டடங்களும், 81 லட்சம் சதுர அடி இடமும், 40,000க்கும் மேற்பட்ட பணியாளர்களும் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தது. இவ்வளவும் புறநகரில் மதில் எழுப்பிய வளாகமாக அமையாமல், பொதுத் தெருக்களை ஒட்டியே எழுந்தவை என்பதால்தான் விவாதம் இத்தனை கூர்மையடைந்தது.

கட்டடங்களைப் பற்றிய பேச்சு அவற்றின் முகப்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் இந்தப் பகுதியின் தோற்றத்தைத் தீர்மானித்த முதற்காரணம் முகப்பு அல்ல, நிலம் கைமாறிய விதமே. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லேக் யூனியன் ஏரியின் தென்கரை சலவைத் தொழிற்கூடங்களும், கிடங்குகளும், கார் விற்பனைக் கூடங்களும், தொழிலாளர்களின் எளிய வீடுகளும் கலந்த இடமாக இருந்தது. நகர மையத்திலிருந்து ஏரி வரை 61 ஏக்கரில் ஒரு பெரிய பூங்கா அமைக்கும் திட்டம் 1990களின் தொடக்கத்தில் முன்வைக்கப்பட்டபோது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தை இணைந்து தொடங்கிய பால் ஆலன் நிலம் வாங்குவதற்காக 2 கோடி டாலர் கடன் கொடுத்தார். சிறு தொழில்கள் விரட்டப்படும், பூங்காவைச் சுற்றியுள்ள நிலத்தின் விலையேற்றம் செல்வந்தர்களுக்கே பயன்படும் என்ற எதிர்ப்பு வலுத்ததால், நகர வாக்காளர்கள் அத்திட்டத்தை 1995இல் நிராகரித்தார்கள். அளவைச் சுருக்கி 1996இல் மீண்டும் கொண்டுவந்தபோதும் நிராகரித்தார்கள். பூங்காவுக்காகத் திரட்டப்பட்ட நிலம் கடன் கொடுத்தவரிடமே சென்று சேர்ந்தது. அவருடைய வல்கன் நிறுவனம் மேலும் வாங்கிச் சேர்த்து, அந்தப் பகுதியில் ஏறத்தாழ 60 ஏக்கருக்கு உரிமையாளரானது. ஒரு பொதுப் பூங்காவை மக்களே இருமுறை வேண்டாம் என்றது சரியா தவறா என்பதில் சியாட்டில்வாசிகள் இன்றும் உடன்படுவதில்லை. எந்த முடிவு சரியாக இருந்தாலும், பல கைகளில் சிதறிக் கிடந்த மனைகள் ஒரே கையில் குவிந்த பிறகு, அங்கே எழும் கட்டடங்கள் மனைக்கு மனை வேறுபட்டு வளரும் வாய்ப்பு பெருமளவு போய்விட்டது.

2007ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் தன் தலைமையகத்தை இங்கே மாற்றப்போவதாக அறிவித்தது. 2010இல் பணியாளர்கள் குடிவந்தார்கள். 2012இல் அதுவரை வாடகைக்கு இருந்த கட்டடங்களை வல்கனிடமிருந்து 116 கோடி டாலருக்கு அமேசானே விலைக்கு வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் டென்னி முக்கோணத்தில் மூன்று முழுத் தொகுதிகளையும் வாங்கியது. தொகுதி என்பது நான்கு பக்கமும் தெருவால் சூழப்பட்ட நிலத்துண்டு. அதன் முழுவதற்கும் ஒருவரே உரிமையாளராக இருந்தால், வாகன நிறுத்தத்தை நிலத்துக்கடியில் ஒரே குழியாகத் தோண்டலாம்; மேலே பரந்த தளங்களை அமைக்கலாம். கட்டுபவருக்கு இவை பெரிய லாபம். தெருவில் நடப்பவருக்கோ, பத்துக் கதவுகள் இருக்க வேண்டிய நீளத்தில் இரண்டு கதவுகளே எஞ்சும்.

இத்தகைய கட்டடங்களின் மீது மக்கள் கருத்துச் சொல்வதற்குச் சியாட்டிலில் 1994இல் ஒரு முறையான வழி ஏற்படுத்தப்பட்டது. வடிவமைப்புப் பரிசீலனை என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அனுமதி பெறும் முன், கட்டடக் கலைஞர்களும் குடியிருப்போரும் வணிகம் செய்வோரும் அடங்கிய ஊதியமில்லாத தன்னார்வக் குழுவின் முன் பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட வேண்டியிருந்தது. கட்டடத்தின் பருமனும் நிற்கும் முறையும் மட்டும் முடிவாகியிருக்கும் தொடக்க நிலையில் ஒரு கூட்டமும், கல், கண்ணாடி, விளக்கு, மரம் எல்லாம் வரைபடத்தில் இடம்பெற்ற பின் இன்னொரு கூட்டமும் நடந்தன. பெரிய திட்டங்களுக்கு இவை பலமுறை நீண்டதும் உண்டு. விதியில் சொன்ன அளவிலிருந்து விலகினால் இன்னும் நல்ல கட்டடம் கிடைக்கும் என்று கட்டுபவர் மெய்ப்பித்தால், குழு அந்த விலக்குக்குப் பரிந்துரைக்க முடிந்தது. பேரம் நிகழ்ந்தது இந்த இடத்தில்தான்: இங்கே சில அடி தளர்த்திக்கொள்ளுங்கள், பதிலுக்கு அங்கே மக்கள் கடந்துசெல்ல வழி விடுங்கள் என்று கேட்கும் வலிமை குழுவுக்குக் கிடைத்தது. உயரத்தையோ, கட்டடம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதையோ குழு தீர்மானிக்க முடியவில்லை. அவை நிலப்பயன்பாட்டு விதிகளில் முன்னமே முடிவானவை. 2013இல் சவுத் லேக் யூனியனில் கூடுதல் உயரத்துக்கு நகரமன்றம் அனுமதி அளித்தபோது, அதற்கு ஈடாக மலிவு விலை வீடுகளுக்குப் பங்களிக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதித்ததும் அத்தகைய விதிகளின் வழியாகவே.

கூட்டங்களிலும் உள்ளூர் இதழ்களிலும் அதிகம் எழுந்த குற்றச்சாட்டு, எல்லாக் கட்டடங்களும் ஒரே பெட்டியைப் போல் இருக்கின்றன என்பதாகும். அதற்கு விடையாகக் கட்டடக் கலைஞர்கள் கையாண்ட உத்தி, நீண்ட முகப்பைத் துண்டு துண்டாக்கிக் காட்டுவது: ஒரு பகுதியைச் சில அடி உள்ளே தள்ளி, அடுத்த பகுதியைச் செங்கல்லாலும் அதற்கடுத்ததை உலோகப் பலகையாலும் மூடி, சன்னல்களின் வரிசையை இடையிடையே பிறழச் செய்தால், ஒரே கட்டடம் நான்கு கட்டடங்களாகத் தோன்றும் என்பது எதிர்பார்ப்பு. ஒன்றிரண்டு இடங்களில் இது கண்ணுக்கு இதமாகவே இருக்கிறது. தொகுதிக்குத் தொகுதி இதையே செய்யும்போது, வேறுபாடே ஒரு சீருடையாகிவிடுகிறது. உள்ளே ஒரே அலுவலகம் இயங்கும் கட்டடத்தை வெளியே நான்காக வேடமிடுவதைக் காட்டிலும், ஒரே கட்டடமாகவே நேர்மையாக நிறுத்தி, தரைத்தளத்தை மட்டும் உண்மையிலேயே பல கைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது மேலானது.

உண்மையில் ஒரு தெருவின் தரம் முதல் இருபது அடி உயரத்துக்குள் தீர்மானமாகிறது. சியாட்டிலில் அக்டோபர் தொடங்கி வசந்தம் வரை தூறல் ஓய்வதில்லை. ஆகவே நடைபாதைக்கு மேல் நீளும் முன்கூரை அங்கே அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை. வரைபடத்தில் மெல்லிய கண்ணாடித் தகடாக அழகாகத் தெரியும் முன்கூரை, மிக உயரத்தில் சில அடி மட்டுமே நீண்டிருந்தால், சாய்வாக வரும் மழை அதன் கீழே நடப்பவரை நனைத்தே தீரும்; அதே கூரையைத் தாழ்வாகவும் அகலமாகவும் அமைத்தால், பேருந்துக்கு நிற்கும் முதியவர் நனையாமல் நிற்கலாம். கதவும் இப்படித்தான். பணியாளர் அட்டையைக் காட்டினால் மட்டுமே திறக்கும் பெரிய வரவேற்புக்கூடம், வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு ஒளிமிக்கதாக இருந்தாலும், தெருவைப் பொறுத்தவரை அது ஒரு சுவர்தான். இந்த அளவுகோலால் பார்த்தால் அமேசான் பகுதிக்கு நற்சான்றும் உண்டு. தொகுதிகளின் ஊடே நடந்து கடக்கும் வழிகளும், டெர்ரி அவென்யூ போன்ற தெருக்களில் வாகனத்துக்கு முன் நடப்பவருக்கு மதிப்பளிக்கும் அமைப்பும், தரைத்தளத்தில் உணவகங்களும் புறநகர் அலுவலக வளாகங்களில் காண முடியாதவை. புறநகருக்குப் போகாமல் நகரத்துக்குள் தங்கியதற்காக அமேசானைப் பாராட்டுவோர் சொல்வதில் நியாயம் நிறையவே இருக்கிறது.

பழைய கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வியில் விவாதம் வேறு திசையில் சென்றது. மெர்சர் தெருவை அகலப்படுத்துவதற்காக, 1925இல் கட்டப்பட்ட ஒரு ஃபோர்டு கார் விற்பனைக் கூடத்தின் சுடுமண் முகப்பைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பாதுகாத்து, பின்னர் ஆலன் மூளை அறிவியல் நிறுவனத்தின் புதிய கட்டடத்தில் மீண்டும் பொருத்தினார்கள். அக்கட்டடம் 2015இல் திறக்கப்பட்டது. டிராய் என்ற பழைய சலவைக்கூடத்தின் செங்கல் முகப்பையும் அப்படியே நிறுத்திவைத்து, அதன் பின்னால் உயரமான அலுவலகக் கட்டடங்களை எழுப்பினார்கள். முகத்தை மட்டும் காப்பாற்றி உடலை மாற்றும் இந்த முறையைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா என்று வரலாற்று ஆர்வலர்கள் கேட்கிறார்கள். தூய பாதுகாப்பு அல்ல என்பது தெளிவு. ஆனாலும் கைவேலை தெரியும் சுடுமண் அலங்காரத்தின் முன் நிற்பவர், எந்திரத்தில் வார்த்த பலகையைக் கடந்து போவதைப் போல அதைக் கடந்து போவதில்லை. முகப்பாவது நின்றதே என்று ஆறுதல் கொள்வதற்கு இடமிருக்கிறது. காஸ்கேட் என்ற பழைய குடியிருப்புப் பகுதியில், நீல நிறக் குவிமாடங்கள் கொண்ட சிறிய புனித ஸ்பிரிடன் ஆலயம் முழுக் கட்டடமாகவே நின்று வழிபாட்டிடமாகத் தொடர்வது, முழுக் கட்டடம் நிலைப்பதற்கும் முகப்பு மட்டும் நிலைப்பதற்கும் உள்ள தொலைவை அங்கே நடப்பவருக்கு எளிதாக உணர்த்திவிடுகிறது.

மிக அதிகமாகப் பேசப்பட்டவை டென்னி முக்கோணத்தில் அமேசான் எழுப்பிய கண்ணாடிக் கோளங்கள்தான். என்பிபிஜே என்ற சியாட்டில் கட்டடக் கலை நிறுவனம் வரைந்த இந்த மூன்று கோளங்களும் 500 அடியைத் தாண்டும் அலுவலகக் கோபுரத்தின் காலடியில் நிற்கின்றன. 2013இல் முதல் வரைபடம் பரிசீலனைக்கு வந்தபோது, இதன் வடிவத்தை ரசித்தவர்களும், பொதுமக்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பின்னர் கோளங்களின் எஃகுச் சட்டம் இலை நரம்பை நினைவூட்டும் ஐங்கோண வலையாகத் திருத்தி வரையப்பட்டது. 2018 ஜனவரியில் திறக்கப்பட்ட இவற்றுக்குள் 40,000 செடிகளும், கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து பாரந்தூக்கியால் இறக்கப்பட்ட 55 அடி உயர அத்தி இன மரம் ஒன்றும் உள்ளன. பொறியியல் திறனில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இது முதலில் பணியாளர்களுக்கான இடம்; பொதுமக்கள் குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் முன்பதிவு செய்துகொண்டே உள்ளே செல்ல முடியும். தோட்டத்தைக் கண்ணாடி வழியே எல்லோருக்கும் காட்டிவிட்டு, சிலரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாட்டை நகரத்துக்கு அளித்த கொடை என்று அழைப்பது பொருந்தாது. மாறாக, அதே பகுதியில் அமேசான் தன் அலுவலகக் கட்டடம் ஒன்றின் எட்டுத் தளங்களை, வீடிழந்த குடும்பங்களுக்குப் புகலிடம் நடத்தும் மேரிஸ் பிளேஸ் அமைப்புக்கு 2020இல் திறந்துவிட்டது. தெருவிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது; ஒரு கட்டடத்தின் தரத்தை எடைபோடும் எவரும் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதே 2020இல் பெருந்தொற்று வந்து அலுவலகங்கள் காலியானபோது, முகப்பைப் பற்றிய விவாதத்தில் அதுவரை போதிய இடம் பெறாத ஒரு குறை வெளிப்பட்டது. தரைத்தள உணவகங்களும் காப்பிக் கடைகளும் ஒரே நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டை நம்பியிருந்ததால், பணியாளர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் அடங்கிப்போனது. 2025 ஜனவரியிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று அமேசான் விதித்ததைப் பக்கத்துக் கடைக்காரர்கள் வரவேற்றதில் வியப்பில்லை. ஒரு நிறுவனத்தின் பணிவிதி ஒரு நகரப்பகுதியின் உயிர்ப்பைத் தீர்மானிக்கும் நிலையைச் செங்கல்லும் உலோகமும் மாற்றி அடுக்கிச் சரிசெய்துவிட முடியாது.

இதற்கிடையே பரிசீலனை முறையே கேள்விக்குள்ளானது. வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருக்கும் நகரத்தில், சன்னலின் நிறத்தையும் செங்கல்லின் சாயலையும் பற்றி மாதக்கணக்கில் கூட்டம் நடத்துவது காலதாமதத்தையும் செலவையும் கூட்டி, அந்தச் சுமையை வாடகைதாரர் தலையில் கட்டுகிறது என்பது வீடு கட்டுவோரும் வீட்டுரிமை ஆர்வலர்களும் சேர்ந்து வைத்த வாதம். சியாட்டில் அமைந்துள்ள வாஷிங்டன் மாநிலத்தின் சட்டமன்றம் 2023இல் இயற்றிய சட்டம், வடிவமைப்புப் பரிசீலனையில் தெளிவாக அளந்து சொல்லக்கூடிய விதிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், ஒரு திட்டத்துக்கு ஒரு பொதுக்கூட்டத்துக்கு மேல் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. ஒவ்வொருவர் ரசனைக்கும் ஏற்ப முகப்பை மாற்றச் சொல்லும் பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் பேரம் பேசி ஒரு வழியையோ சதுக்கத்தையோ பெற்றுத்தரும் வலிமையையும் இது குறைத்துவிடும் என்பதால், இனி நகரம் எழுதிவைக்கும் அளவுகளே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கும். முன்கூரையின் உயரமும் அகலமும், ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் இடையிலான தூரம், தரைத்தளத்தில் சிறு கடைகளுக்கு ஒதுக்க வேண்டிய பங்கு, தொகுதியை ஊடறுக்கும் வழி எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பன எல்லாம் அளந்து எழுதக்கூடியவையே. முகப்பு எத்தனை அடிக்கு ஒருமுறை மடங்க வேண்டும் என்பதோடு அந்த விதிகள் நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் ஒரே கூட்டத்துக்கு வரும் குடிமகனுக்குக் கேட்பதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது.