நிறுத்திப் பார்த்த படங்கள் – 9: இருபத்தெட்டாம் எண்

குருபரப்பள்ளி சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வரும் தம்பிகள் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறையில்தான் ‘அகிரா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை மூன்றாம் முறை பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒரு நகரம் சத்தமில்லாமல் வெள்ளை வெளிச்சத்தில் கரைகிறது. “அண்ணா, நிறுத்துங்க. தேதி என்ன போட்டிருக்கு?” என்றான் ஒருவன். பின்னுக்கு ஓட்டினோம். 1988 ஜூலை 16.

படம் ஜப்பானில் வெளியானதும் அதே நாள்தான். டோக்கியோ தியேட்டரில் முதல் காட்சிக்குப் போனவர், சற்று முன் தான் நடந்து வந்த ஊர் அன்றைக்கே அழிவதைப் பார்த்திருப்பார். இயக்குநர் கட்சுஹிரோ ஒட்டோமோவே வரைந்த மூலப் படக்கதையிலும் இப்படித்தான். அது இதழில் வரத் தொடங்கியது 1982 டிசம்பரில். அதில் நகரம் அழிவது 1982 டிசம்பர் 6.

நாயகன் கனேடாவின் சிவப்பு பைக்கில் கேனன், சிட்டிசன் ஸ்டிக்கர்கள் இருப்பதைத் தம்பிகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பைக்கும் கைக்கடிகாரமும் செய்கிற ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளாயிற்றே! படத்தில் வரும், 2020 ஒலிம்பிக்குக்கு இன்னும் 147 நாள் என்கிற பலகையும், அதன் கீழே ‘நிறுத்து’ என்ற கிறுக்கலும் கொரோனா காலத்தில் உலகமெங்கும் பேசப்பட்டவை. அதைத் தீர்க்கதரிசனம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னை உலுக்கியது வேறு.

படத்தின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னை உலுக்கியதைச் சொல்ல ஒரு பழைய படக்கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1956-இல் மிட்சுடெரு யோகோயாமா ‘டெட்சுஜின் 28’ என்ற சிறுவர் படக்கதையைத் தொடங்கினார். போருக்காக ராணுவம் செய்த ராட்சத இரும்பு மனிதன், இருபத்தெட்டாவது முயற்சியில் எழுந்து நிற்கிறான். போர் முடிந்த பிறகு அவனை ரிமோட்டால் இயக்குகிற சிறுவன் ஷோட்டாரோ கனேடா. கூடவே இருக்கும் விஞ்ஞானி ஷிகிஷிமா, அவர் மகன் டெட்சுவோ. 1954-இல் பிறந்த ஒட்டோமோவின் தலைமுறை இதைப் படித்து வளர்ந்தது. ‘அகிரா’வில் பைக் கும்பலின் தலைவன் ஷோட்டாரோ கனேடா, ராணுவக் கர்னல் ஷிகிஷிமா, சக்தி தலைக்கேறி உருக்குலையும் பையன் டெட்சுவோ. ராணுவத்தின் ரகசியச் சோதனைக்கு ஆளான சிறுவன் அகிராவின் எண் 28.

பெயர் ஒற்றுமையைக் கண்டு சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால், ஒலிம்பிக் அரங்கத்தின் அடியில் அகிராவை வைத்துப் பூட்டிய பெட்டகம் திறக்கும்போது என்ன வருகிறது? யோகோயாமாவின் 28-ஆம் எண் எழுந்து நின்றது. ஒட்டோமோவின் 28-ஆம் எண், அறுத்துப் பாடம் செய்து கண்ணாடிக் குடுவைகளில் அடைத்த ஒரு சிறுவனின் உறுப்புகள். இரும்புக்குப் பதில் பிள்ளையையே ஆயுதமாக்கினால் மிஞ்சுவது இதுதான் என்று, தன் பால்யத்து நாயகர்களின் பெயர்களை வைத்தே சொல்லிவிட்டார் ஒட்டோமோ. அறையில் அதுவரை பேசிக்கொண்டே இருந்த தம்பிகள் அதன்பின் பேசவில்லை.

அடுத்த வாரத்துக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டுச் சிறுவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள். குடுவைகள் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.